மலையும் பெயரும்

உயர்ந்த இடங்களை அடைதற்குரிய வழிகள் நெடியனவும் குறியனவும் என இருவகைப்படும். பன்னாள் நடந்து, பசியும் குளிரும் பொறுத்து உச்சி கண்டவரையே மலையேறினார் என்று உலகம் போற்றும். ஒரு நாழிகைப் பொழுதில் ஏறி முடியும் குவட்டினை ஏறினாரைப் போற்றுவார் இல்லை. உலாவி வந்தார் என்றே அவரைக் கூறுவர். ஆயினும், ஏறுவார் உள்ளத்தில் சுமந்து செல்லும் பொருள் கனமுடையதாயின் குறுவழியும் நெடுவழியாகும். நெடுங்காலம் தம்முடையது என்று பற்றியிருந்த ஒன்றைப் பிறர்க்கு உரியதென உணர்தல் அத்தகைய கனங்களுள் ஒன்று. பாதி மைல் தூரத்தில் அவ்வுணர்வை எய்திய முதியவர் ஒருவரின் மலையேற்றம் ஈண்டுக் கூறப்படுகின்றது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கீழ்த்திசையில் அப்பலாச்சியன் என்னும் பழைமையான மலைத்தொடர் வடகிழக்கினின்று தென்மேற்காக நீண்டு கிடக்கின்றது. அதன் தென்பகுதியில், டென்னசி, வட கரோலினா என்னும் இரு மாநிலங்களின் எல்லையில் எழுந்து நிற்பன கிரேட் ஸ்மோக்கி மலைகள். பெரும் புகைமலைகள் என்பது அப்பெயரின் பொருள். ஆண்டுப் புகைவது தீயன்று. அடர்ந்த கானத்து மரஞ்செடிகள் வெளிவிடும் ஆவியும் மிகுந்த மழையின் ஈரமும் கூடி நீலநிறப் படலமாய்ப் பள்ளத்தாக்குகளில் தங்குதலின் அப்பெயர் உண்டாயிற்று. 1934-ஆம் ஆண்டில் இம்மலைகள் தேசியப் பூங்காவாக அமைக்கப்பெற்றன. 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நியூஃபவுண்ட் கணவாயில் நின்று அப்பூங்காவை மக்களுக்கு உரிமையாக்கினார். ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேற்பட்டது அதன் பரப்பு.

அம்மலைகளுள் மிக உயர்ந்த குவடு கடல்மட்டத்துக்கு மேல் 6,643 அடி உயரமுடையது. டென்னசி மாநிலத்தில் இதனின் உயர்ந்த இடம் பிறிதில்லை. ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன் மாநிலம்வரை ஏறக்குறைய 2,200 மைல் செல்லும் அப்பலாச்சியன் நடைவழியும் தன் போக்கு முழுவதிலும் இவ்விடத்திலேயே மிக உயர்கின்றது. இத்துணை உயர்ந்த குவட்டுக்கு ஏறும் வழியோ பாதி மைலே. கணவாயினின்று பிரியும் தார்ச்சாலை மலைமுகட்டினைப் பற்றி ஏழு மைல் ஓடி, 6,300 அடி உயரத்தில் வண்டிகளைக் கொண்டு வந்து நிறுத்திவிடுகின்றது. அங்கிருந்து எஞ்சியது 330 அடி ஏற்றம் மாத்திரமே. பாதை தளமிட்டது, எனினும் மிகச் சரிவானது. ஆதலின் சக்கர நாற்காலியில் வருவோர்க்கு அது பயன்படுவதில்லை. நடப்போர்க்கும் இடையிடையே இளைப்பாறும் இருக்கைகள் வேண்டியிருக்கின்றன. உச்சியில் 1959-ஆம் ஆண்டு கட்டிய கான்கிரீட் கோபுரம் ஒன்று உளது. 375 அடி நீளமுள்ள சுருள்வழியொன்று, படியின்றி, மரங்களின் முடிக்கு மேலே மக்களைக் கொண்டு செல்கின்றது.

கோடைக்காலத்து ஒரு காலைப் பொழுதில் எழுபது வயதினரான முதியவர் ஒருவர் பன்னிரண்டு வயதுடைய தம் பெயர்த்தியோடு அவ்வழியின் தொடக்கத்தில் வந்து நின்றார். வட கரோலினா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பூகோளம் கற்பித்து ஓய்வுபெற்றவர் அவர். முழங்கால் வலி அவரை விட்டு நீங்குவதில்லை. கீழே ஊரில் வெயில் எறிக்கவும், மலைமேல் மூடுபனி தவழ்ந்து குளிர் உடலை உறுத்திற்று. பெயர்த்தி துள்ளி முன்னே சென்றாள். முதியவர் மட்டும் அறிவிப்புப் பலகையின் முன் நின்றவர் நின்றபடியே இருந்தார். அதன்கண் 'குவோஹி' என்று எழுதப்பட்டிருந்தது.

அவர் அறிந்த பெயர் அஃதன்று. கிளிங்மன் குவடு என்றே அவர் தந்தையார் அதனை அழைத்தார். அவரும் அங்ஙனமே அழைத்தார். வகுப்பறைச் சுவரில் தொங்கிய படத்தில் கோலூன்றிக் காட்டி அப்பெயரையே ஆயிரக்கணக்கான பிள்ளைகட்குக் கற்பித்தார். அன்றியும், அவர் சட்டைப்பையில் பழைய நிழற்படம் ஒன்று இருந்தது. மணமான புதிதில், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகட்கு முன், கோபுரத்தின் சுருள்வழியில் அவர் மனைவியார் காற்றில் பறக்கும் கூந்தலை ஒருகையால் பிடித்துக்கொண்டு நின்ற படம் அது. அதன் பின்புறத்தில் அவ்வம்மையார் தம் கையால் நாளைக் குறித்து, 'கிளிங்மன் குவட்டில்' என்று எழுதியிருந்தார். அம்மையார் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மலைக்குப் பெயர் மாறிற்றென்று செய்தித்தாளில் படித்த நாளில், தம் மனைவி நின்ற இடமே இல்லாமற் போயிற்றென்று அவர் நெஞ்சம் பதைத்தது. ஒருவரிடமும் அதனைக் கூறினாரல்லர். பெயர்த்தி வற்புறுத்தி அழைத்தமையால் மட்டுமே அன்று வந்தார்.

"தாத்தா, இந்தப் பெயரை ஒருமுறை சொல்லுங்கள்" என்றாள் சிறுமி, திரும்பி வந்து.

"எனக்கு வாய் வரவில்லை, குழந்தாய். நான் கற்பித்த பெயர் வேறு" என்றார் முதியவர்.

"கடினமே இல்லை. நடுவெழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கு வந்த செரோக்கிப் பாட்டியார் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்."

முதியவர் விடை கூறாது நடக்கத் தொடங்கினார்.

பெயர்களைக் காரணப்பெயர் என்றும் இடுகுறிப்பெயர் என்றும் இலக்கண நூலார் வகுப்பர். அவ்வகையில் நோக்கின் இம்மலையின் இருபெயர்களும் இருவேறு இயல்பின. குவோஹி என்பது செரோக்கி மொழிச்சொல். முசுக்கட்டை மரங்கள் உள்ள இடம் என்பது பொருள். மலையினிடத்துத் தோன்றிய காரணம் பற்றி மலைக்கு வந்த பெயர் அது. மற்றைப் பெயரோ மலையொடு தொடர்பில்லாத ஒரு வழக்கினால் வந்தது. வட கரோலினாவின் உயர்ந்த சிகரத்தை அளந்தவர் யார் என்பது பற்றி, அரசியலாளரான தாமஸ் லேனியர் கிளிங்மன் என்பாருக்கும் பேராசிரியர் எலிஷா மிட்செல் என்பாருக்கும் பெரும்பூசல் நிகழ்ந்தது. தம் கூற்றினை மெய்ப்பித்தற்கு 1857-ஆம் ஆண்டில் மீண்டும் மலைசென்ற மிட்செல், வழுக்கி வீழ்ந்து உயிர்துறந்தார். 6,684 அடி உயரமுள்ள அச்சிகரம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1859-ஆம் ஆண்டில் இம்மலைகளை அளந்த ஆர்னால்டு கியோ என்னும் பூகோள அறிஞர், புகைமலைகளின் உச்சிக்குக் கிளிங்மன் பெயரைச் சூட்டினார். கிளிங்மன் அந்நாளில் நாட்டின் மேற்சபை உறுப்பினர். பின்னர் நிகழ்ந்த உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்க நின்ற தென்னாட்டுப் படையில் தலைவர். இவ்வரலாறு முழுவதையும் முதியவர் அறிவார். வகுப்பில் சுவைபடக் கூறியும் இருக்கின்றார். அம்மலைக்கு அதற்கு முன் யாது பெயர் என்று மட்டும் அவர் கேட்டதில்லை, பிள்ளைகளும் கேட்டதில்லை.

முதல் இருக்கையை அடைந்தபோது அவர்க்கு மூச்சு வாங்கிற்று. அமர்ந்தார். சுற்றிலும் நோக்கினார். இளமையில் அவர் கண்ட கானம் அங்கில்லை. இம்மலைத்தொடரின் தென்பகுதி உச்சிகளிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளராத ஃபிரேசர் ஃபர் என்னும் ஊசியிலை மரங்கள் அக்காலத்தில் பாதையின் இருமருங்கும் இருளச் செறிந்து நின்றன. ஐரோப்பாவினின்று வந்த ஒரு நுண்பூச்சி, ஒரு மில்லிமீட்டர் அளவும் நிரம்பாதது, 1957-ஆம் ஆண்டில் மிட்செல் சிகரத்தில் காணப்பட்டது. 1963-ஆம் ஆண்டில் இப்பூங்காவினுள்ளும் கண்டனர். அது பட்டையில் பதிந்து சாற்றை உறிஞ்சுங்கால் விடும் எச்சிலினால் மரத்தின் உட்கட்டை திரிந்து, நீரேறும் வழி அடைபடும். சில ஆண்டுகளில் மரம் நின்றபடியே இறக்கும். முதிர்ந்த மரங்களிற் பெரும்பாலன அவ்வாறு இறந்தொழிந்தன. வெளுத்த எலும்பு போலும் அடிமரங்கள் நெடுங்காலம் உச்சியெங்கும் நின்றன. அவற்றுட் பல வீழ்ந்தும் போயின.

"பாட்டி வந்தபோது இவை எல்லாம் பச்சையாய் இருந்தனவா?" என்று சிறுமி கேட்டாள்.

"ஆம். உன் பாட்டி ஒரு கிளையை முகர்ந்து, கிறிஸ்துமஸ் வீட்டின் மணம் என்றாள்" என்றார் முதியவர்.

கூறியபின் கீழே பார்த்தார். வீழ்ந்து மக்கிய அடிமரம் ஒன்றின் அருகே, முழங்கால் உயரத்தில், ஃபர் கன்றுகள் நெருங்கி முளைத்திருந்தன. பூச்சி பெரிதும் முதிர்ந்த மரத்தின் பட்டைப் பிளவையே பற்றும். மெல்லிய பட்டையுடைய கன்றுகள் தப்பி வளர்கின்றன. அவை பூத்துக் காய்க்கும் அளவுக்கு வாழுமோ, அதற்குமுன் மாளுமோ என்பது மரத்துக்கு மரம் வேறுபடும். சிறுமி ஒரு கன்றின் நுனியைக் கசக்காமல் தொட்டு விரலை முகர்ந்தாள். பின்பு அவ்விரலைத் தாத்தாவிடம் நீட்டினாள். மணம் மாறவில்லை.

இரண்டாம் இருக்கையில் சிறுமி தான் கேட்ட கதையைச் சொன்னாள். இம்மலையின் கீழே கரடிகளின் சபைமண்டபம் உண்டு. அவற்றின் தலைவனாகிய வெண்கரடி அங்கே வாழ்கின்றது. குளிர்காலத்து உறக்கத்துக்குப் புகுமுன் கரடிகள் எல்லாம் அங்குக் கூடி ஆடும். மலைக்கு மேல்திசையில் அட்டகாஹி என்னும் ஏரி ஒன்று உண்டு. வேடரால் புண்பட்ட கரடி எவ்வாறேனும் அந்நீரை அடைந்து மூழ்குமாயின் புண் ஆறிக் கரையேறும். அதனாலேயே அந்த ஏரி வேடர் கண்ணுக்குப் புலனாவதில்லை. உண்ணாநோன்பிருந்து, இரவு முழுவதும் விழித்து வேண்டி நிற்பார்க்கு மட்டும் விடியற்காலத்தில் அது ஒருகணம் தோன்றும். ஜேம்ஸ் மூனி என்னும் ஆராய்ச்சியாளர் செரோக்கி முதியோரிடம் கேட்டு 1900-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும் இக்கதை உளது. திருக்கயிலை மலையைக் காலால் மிதித்தல் தகாதெனத் தலையால் நடந்த அம்மையாரின் வரலாற்றை அறிந்த அன்பர்க்கு, ஒரு மலையைக் கண்ணால் மட்டும் காண இயலாது என்னும் இக்கருத்தினை விளக்க வேண்டுவதின்று.

"அந்தப் பாட்டியார் சிறுவயதில் இங்கே வந்ததே இல்லையாம், தாத்தா. முதன்முதலில் ஏறியபோது அழுதாராம்" என்றாள் சிறுமி.

முதியவர் அப்போதும் ஒன்றும் கூறவில்லை. எழுந்து நடந்தார்.

கோபுரத்தை அடைந்தனர். சுருள்வழியில் அவர் மெல்ல ஏறினார். மனைவியார் நின்ற இடம் எதுவென அவர் அறிவார். வளைவின் அவ்விடத்தில் கைப்பிடிச்சுவரைத் தொட்டுச் சிறிது நேரம் நின்று, பின்னர் மேலே சென்றார். உச்சித் தளத்தில் வெண்பனி அன்றிப் பிறிதொன்றும் தோன்றவில்லை. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து நூறு மைல் தூரமும் காணலாம் என்பர். அனல்மின் நிலையங்களின் புகையும் வண்டிகளின் புகையும் அக்காட்சியைப் பன்னெடுங்காலம் இருபது மைலளவாகக் குறைத்திருந்தன. நச்சுப்புகையைக் கட்டுப்படுத்திய சட்டங்களால் பிற்காலத்தில் அது பெரிதும் சீர்ப்பட்டது. அன்றைய தடையோ வெறும் மேகம். குளிரில் நடுங்கியவாறு பலர் இறங்கிச் சென்றனர். தாத்தாவும் பெயர்த்தியும் காத்திருந்தனர்.

சிறிது நேரத்தில் தென்புறம் திரை விலகிற்று. அடுக்கடுக்காய் இறங்கும் நீலமலைகளின் அடியில், வளைந்து கிடந்த நீர்ப்பரப்பு ஒளிர்ந்தது.

"அதோ ஃபான்டனா ஏரி" என்றார் முதியவர். அவர் குரல் மாறியிருந்தது. "அதன் வடகரையில்தான் நம் வீடு இருந்தது."

அவ்வேரி இயற்கையில் அமைந்ததன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஆகாய விமானங்கட்கு வேண்டிய அலுமினியத்தை ஆக்கும் மின்சாரத்தின் பொருட்டு, லிட்டில் டென்னசி ஆற்றின் குறுக்கே 480 அடி உயரமுள்ள ஓர் அணை எழுப்பப்பட்டது. 1942-ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. 1944-ஆம் ஆண்டின் இறுதியில் நீர் தேங்கத் தொடங்கிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் குடிபெயர்ந்தன. வடகரையில் இருந்தோரின் நிலங்கள் பலவற்றுள் நீர் ஏறவில்லை. ஆயினும் அவற்றுக்குச் செல்லும் சாலை நீருள் மூழ்கிற்று. ஏறக்குறைய 44,000 ஏக்கர் நிலம் பூங்காவோடு சேர்க்கப்பட்டது. போர் முடிந்தபின் புதிய சாலை அமைத்துத் தருவதாக 1943-ஆம் ஆண்டில் அரசு ஒப்பந்தம் செய்தது. சில மைல் தூரமும் ஒரு சுரங்கவழியும் அமைந்தபின் அவ்வேலை நின்றது. எங்கும் செல்லாத சாலை என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். 2010-ஆம் ஆண்டில், சாலைக்கு ஈடாக அம்மாவட்டத்துக்கு 5 கோடியே 20 லட்சம் டாலர் தருவதென உடன்படிக்கை ஆயிற்று; 2018-ஆம் ஆண்டில் அத்தொகை முழுதும் தீர்க்கப்பட்டது. சாலை வரவில்லை. வடகரையிலுள்ள இடுகாடுகளுக்குக் குறித்த நாள்களில் பூங்காவினர் படகில் வழியினரை அழைத்துச் செல்வர். அவர்கள் கல்லறைகளைத் துப்புரவாக்கி, மலர் சூட்டி, உடன் அமர்ந்து உண்டு மீள்வர்.

முதியவர் இவற்றையெல்லாம் சிறுமிக்குக் கூறினார். தம் பாட்டனார் வீட்டின் கதவைப் பூட்டித் திறவுகோலை வீட்டுப் படியிலேயே வைத்துவிட்டு வந்ததைக் கூறினார். அவ்வீட்டின் வழியை இறுதிநாள்வரை தம் தந்தையார் விரலால் மேசைமேல் வரைந்து காட்டியதைக் கூறினார். தம் பாட்டனாரைப் பெற்றோரின் கல்லறைக்குத் தாம் ஆண்டுதோறும் படகேறிச் செல்வதைக் கூறினார். "நம்முடையதை எடுத்துக்கொண்டார்கள். கொடுத்த வாக்கையும் காக்கவில்லை. ஆயினும் நம்மவர் ஊர்களின் பெயரைப் படத்திலிருந்து அழிக்கவில்லை. பிராக்டர் என்பது அங்கு முதலிற் குடியேறியவர் பெயர். ஊர் போனபின்னும் அப்பெயர் இருக்கின்றது. அதுவும் இல்லையானால் என் தந்தையார் எதைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பார்?" என்றார்.

சிறுமி ஏரியைப் பார்த்தவாறே கேட்டாள்: "அவர் அங்கே முதலிற் குடியேறினார் என்றால், அதற்கு முன்னே அங்கே ஒருவரும் இல்லையா, தாத்தா?"

வினா எளியது. பூகோள ஆசிரியர்க்கு அதன் விடை தெரியாததன்று. 1819-ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றினால் செரோக்கியர் இப்பகுதி மலைகளைக் கைவிட நேர்ந்தது. 1830-ஆம் ஆண்டில் பழங்குடியினரை மேற்கே அகற்றும் சட்டம் பிறந்தது. 1838-ஆம் ஆண்டில் படைவீரர் வீடுதோறும் சென்று, உண்பாரை உணவினின்றும் எழுப்பி, ஏறக்குறைய 16,000 செரோக்கியரை நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஓட்டிச் சென்றனர். அவ்வழியிலும் சிறைக்கூடாரங்களிலும் நாலாயிரவர் அளவில் மாண்டனர் என்பர். அவருட் சிலர் இம்மலைகளில் ஒளிந்து வாழ்ந்தனர். அவர் வழியினரும், முன்னரே இப்பக்கத்தில் தனித்து நிலைபெற்றிருந்தோர் வழியினருமே பூங்காவின் தென்கிழக்கு எல்லையில் கீழைச் செரோக்கியர் என்னும் பெயரோடு வாழ்கின்றனர். இவ்வளவும் அவர் பாடப்புத்தகத்தில் இருந்தது. ஒன்றை மட்டும் அவர் இதுகாறும் செய்ததில்லை: தம் பாட்டனார் வைத்துவந்த திறவுகோலையும் அவ்வீடுகளில் பாதி உண்ட உணவையும் அருகருகே வைத்துப் பார்த்ததில்லை.

அன்று பார்த்தார். தம் குடும்பத்துக்கு விலை கிடைத்தது, குறைவெனினும் கிடைத்தது. வாக்குத் தவறிய அரசும் பின்னர் ஈடு தந்தது. கல்லறைக்குப் படகு செல்கின்றது. ஊரின் பெயர் படத்தில் உளது. இத்தனையும் இருந்தும் எண்பது ஆண்டுகளாக அப்புண் ஆறவில்லை. எனின், வழியில் புதைக்கப்பட்டோர்க்குக் கல்லும் இன்றி, தம் மலைக்குத் தம் சொல்லும் இன்றி வாழ்ந்தோர் புண் எத்தன்மைத்தாயிருக்கும்! முசுக்கட்டை இடம் என்று தம் முன்னோர் சொன்ன மலையை, அளவு பற்றிய பூசலில் ஈடுபட்ட ஒருவர் பெயரால் 165 ஆண்டுகள் சொல்ல நேர்ந்தவர் அவர்கள். 2022-ஆம் ஆண்டில் கீழைச் செரோக்கிப் பெண்மணிகள் இருவர் பழைய பெயரை மீட்க முயன்றனர். அவர்தம் குலச்சபை அதனை ஏற்றது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், நாட்டின் இடப்பெயர்க் குழுவினர் குவோஹி என்பதே பெயரெனத் தீர்மானித்தனர். ஆண்டில் மூன்று நாள் அரைநாள் அளவு இம்மலையைப் பிறர்க்கு அடைத்து, செரோக்கிப் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் அழைத்துவந்து அதன் வரலாற்றைக் கற்பிக்கும் வழக்கமும் பூங்காவில் உண்டாயிற்று. அப்பிள்ளைகள் ஏறுவதும் இதே பாதி மைல்தான்.

"இருந்தார்கள், குழந்தாய்" என்றார் முதியவர் நெடுநேரம் கழித்து. "அவர்களைப் பற்றி நான் வகுப்பில் ஒருநாள் பாடம் நடத்துவேன். மறுநாள் அடுத்த பாடம்."

சிறுமி அவர் கையைப் பற்றிக்கொண்டாள். மேகம் மீண்டும் வந்து ஏரியை மறைத்தது.

இறங்கும்போது முதல் இருக்கையில் அவர் மீண்டும் அமர்ந்து, பையிலிருந்த படத்தை எடுத்தார். முன்புறம் பார்த்தார், பின்புறம் பார்த்தார். மனைவியார் கையெழுத்து மங்காமல் இருந்தது. அதனை அழிக்க வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவர் அறிவிற் பட்டது. அவ்வம்மையார் அறிந்த பெயரை அவர் எழுதினார். அவ்வெழுத்து அங்ஙனமே இருத்தல் தகும். நின்ற மலை அப்பெயரால் உண்டானதன்று. ஆதலின் அப்பெயர் நீங்கியதால் அவர் நின்ற இடம் நீங்கிவிடவில்லை. மலைக்கு மீண்டது மலையின் பெயர். நெஞ்சில் இருப்பது நெஞ்சிலேயே இருக்கும். இரண்டுக்கும் இடமில்லாத அளவு அம்மலை சிறிதன்று.

எதிரே இளங்கணவனும் மனைவியும் மூச்சிரைக்க ஏறி வந்தனர். தொலைநாட்டவர் போலும். பழைய வழிகாட்டி நூலொன்று அவர் கையில் இருந்தது.

"ஐயா, கிளிங்மன் குவடு என்பது இதுதானே? பலகையில் வேறு பெயர் இருக்கின்றதே" என்று அவ்விளைஞர் வினவினார்.

சிறுமி வாய்திறக்கப் போனாள். பின் அடங்கித் தாத்தாவின் முகத்தை நோக்கினாள். முதியவர் இருக்கையினின்றும் மெல்ல எழுந்தார்.

"இதுதான், தம்பி. குவோஹி என்பது இதன் பெயர்" என்றார். நடுவெழுத்து அழுந்தவில்லை, ஆதலின் மீண்டும் ஒருமுறை திருத்திச் சொன்னார். "நீங்கள் படித்த பெயர் நாங்கள் இட்டு அழைத்தது. இன்னும் சிறிது தூரந்தான், மெல்ல ஏறுங்கள். தென்புறம் மேகம் விலகும், காத்திருந்து பாருங்கள்."

அவர்கள் நன்றி கூறி மேலே சென்றனர். முதியவர் பெயர்த்தியின் தோளில் கைவைத்துக் கீழே இறங்கினார். முழங்கால் வலி இருந்தபடியே இருந்தது. தமது என்று பற்றியதனைப் பிறரது என ஒப்புதல் அறிஞர்க்கும் அரிது. அதனைத் தம் வாயாற் சொல்லுதல் அதனினும் அரிது. நூல்களாலும் முப்பது ஆண்டு ஆசிரியத் தொழிலாலும் எய்தாத அதனை, ஒரு சிறுமியின் வினாவும் பாதி மைல் ஏற்றமும் அவர்க்குத் தந்தன என்க.